மலைக்காட்டில் ஒரு காளான் பாடம்

இரவெல்லாம் மழை பொழிந்து ஓய்ந்த காலைப் பொழுது. மரப்பட்டை காய்ந்த பின்னரே பால்வெட்டுத் தொடங்க இயலும். அவ்வாறு காத்திருக்கும் வேளையில் நிரைகளுக்கிடையே கண்ணை ஓட்டினால், நேற்று இல்லாத வெண்குடைகள் இன்று தரையெங்கும் விரிந்திருப்பதைக் காணலாம். உடனே ஒருவர், "அருமையான காளான், இரவுக் குழம்புக்கு ஆகும்" என்பார். அவருக்கு அருகில் நிற்பவரோ, "அது நாய்க்குடை; தொடாதே" என்று தடுப்பார். இவ்விருவருள் யார் கூற்று சரியானது? பெரும்பாலும் இருவருமே ஊகித்துத்தான் சொல்கின்றனர் என்பதே உண்மை.

ஊகத்துக்கு இடங்கொடாமல் காளானை அறிந்துகொள்வது எங்ஙனம் என்பதை, நம் நாட்டிற்கு வெகு தொலைவில் உள்ள ஒரு மலைக்காட்டில் நான் ஒருநாள் கற்றுக்கொண்டேன். அதனைத் தோட்டத் தோழர்களுடன் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐரோப்பாவின் நடுவில் உள்ள சுவிட்சர்லாந்து நாட்டில் காட்டுக் காளான் பறித்தல் ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி அனைவரும் விரும்பிச் செய்யும் காரியம். கோடை முடிந்து குளிர் தொடங்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் குடும்பம் குடும்பமாகக் கூடை ஏந்திக் காட்டுக்குச் செல்வர். பல ஊர்களில் காளான் கழகங்கள் உள்ளன. அக்கழகத்தார் புதியவர்களைக் காட்டுக்கு அழைத்துச் சென்று பாடம் சொல்வதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய நடைப்பயணம் ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அந்நாட்டில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர், வழிகாட்டியின் ஜெர்மன் மொழியைத் தமிழாக்கிச் சொல்ல உடன் வந்தார்.

சூரிச் மாநிலத்தின் கிழக்கெல்லையில் ஹொர்ன்லி என்றொரு மலை உண்டு. உயரம் 1,133 மீட்டர். பனி மூடிய ஆல்ப்ஸ் சிகரங்களைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இது சிறிய மலையாகத் தோன்றலாம். ஆயினும் அதன் சரிவுகள் செங்குத்தானவை. கூழாங்கற்களைச் சிமெண்டில் பதித்து இறுக்கியது போன்ற ஒருவகைப் பாறையால் ஆனவை. ஸ்டேக் என்னும் சிற்றூரின் இரயில் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தாலே காடு நம்மைச் சூழ்ந்துகொள்ளும். பீச் மரம், ஸ்புரூஸ் மரம், வெள்ளி ஃபிர் மரம் ஆகிய மூன்றும் கலந்த காடு அது. காலை எட்டு மணிக்கே கைவிரல்கள் விறைத்தன.

வழிகாட்டி அறுபது வயதைக் கடந்த அம்மையார். முதலில் அவர் எங்கள் கைகளைப் பார்த்தார். ஒருவர் பிளாஸ்டிக் பை வைத்திருந்தார். அதனை மடித்துச் சட்டைப்பையில் வைக்கச் சொல்லிவிட்டு, பிரம்புக்கூடை ஒன்றைக் கொடுத்தார். காற்றுப் புகாத பையில் காளான் வியர்த்து, சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். நல்ல காளானும் அழுகினால் வயிற்றைக் கெடுக்கும். நஞ்சு என்று கருதப்படும் பல சம்பவங்களில் உண்மையான குற்றவாளி இந்தப் பைதான் என்றார் அம்மையார். அடுத்துச் சட்டத்தைக் கூறினார். சூரிச் மாநிலத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் 10 நாட்களில் காளான் பறித்தல் கூடாது. மற்ற நாட்களிலும் ஒருவர் ஒரு நாளைக்கு 1 கிலோவுக்கு மேல் எடுத்தல் கூடாது.

இந்தக் கட்டுப்பாடு தேவைதானா என்று அந்நாட்டு அறிஞர்களே ஆராய்ந்திருக்கின்றனர். ஃபிரிபூர் மாநிலத்தில் உள்ள லா ஷானெயாஸ் காட்டில் 1975 முதல் 2003 வரை நடைபெற்ற அவ்வாய்வில், காளானைப் பறிப்பதால் அடுத்த ஆண்டின் விளைச்சல் குறையவில்லை என்பது புலனாயிற்று. கத்தியால் அறுத்தாலும் வேரோடு திருகி எடுத்தாலும் வேறுபாடு இல்லை. ஆனால் மனிதர் கால்பட்டு மிதிபட்ட இடங்களில் காளான்கள் குறைந்தன. ஆகவே கையைவிடக் காலுக்கே அஞ்சவேண்டும் போலும்!

மண்ணுக்கு அடியில் உள்ள மரம்

முதல் அரை மணி நேரம் நாங்கள் ஒரு காளானையும் பறிக்கவில்லை. அம்மையார் மண்டியிட்டு உதிர்ந்த இலைகளை மெல்ல விலக்கினார். அடியில் மண்ணையும் இலைமட்கையும் பிணைத்தவாறு வெண்ணிற நூல்கள் பரவியிருந்தன. காளான் என்று நாம் அழைப்பது மாமரத்தில் மாங்கனி போன்றது. உண்மையான உயிர் அந்த நூல்களே. ஆண்டு முழுதும் அவை மண்ணுக்கடியில் வாழ்ந்து, ஈரமும் தட்பமும் கூடும் காலத்தில் மேலே கனி விடுகின்றன.

வெண்ணூல் என்றவுடன் எனக்கு நம் தோட்டங்களின் வெள்ளை வேர் நோய் நினைவுக்கு வந்தது. பால்மரத்தின் வேரைப் பற்றிப் படர்ந்து, இலையை மஞ்சளாக்கி, ஈற்றில் மரத்தையே சாய்த்துவிடும் அந்நோயும் ஒரு பூஞ்சணத்தின் வேலையே. பட்டுப்போன மரத்தின் அடியில் மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த தட்டுகள் ஒட்டியிருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அவையே அதன் கனிகள். இதனை நண்பர் மூலமாக அம்மையாரிடம் சொன்னேன். அவர் மகிழ்ந்து, "உங்கள் நாட்டில் அது மரத்தைக் கொல்கிறது, இங்கே இது மரத்துக்குச் சோறு ஊட்டுகிறது" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இது: ஹொர்ன்லிக் காட்டின் காளான்களில் பல, மரவேர்களின் நுனியைக் கையுறைபோல் மூடிக்கொள்கின்றன. வேர் எட்டாத இடத்திலுள்ள நீரையும் கனிமச் சத்தையும் நூல்கள் கொண்டுவந்து மரத்துக்குத் தருகின்றன. மரமோ, வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைக் காளானுக்குத் தருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லையேல் இரண்டுமே மெலியும். ஆதலின், காளானை அறிய விரும்புபவன் முதலில் நிமிர்ந்து பார்த்து, எம்மரத்தின் அடியில் நிற்கிறோம் என்று அறிதல் வேண்டும். பால்மரத்தை நோக்கியே வாழ்நாளைக் கழித்த நம்மவர்க்கு இது கடினமான பழக்கமன்று.

ஸ்புரூஸ் மரத்தடியில் முதற் கனி அகப்பட்டது. ரொட்டி போன்ற பழுப்புத் தலை, தடித்த கால். அந்நாட்டார் இதனை ஸ்டைன்பில்ஸ், அதாவது கல் காளான் என்பர். தலையைக் கவிழ்த்தால் இதழ்கள் இல்லை. கடற்பஞ்சு போன்ற நுண்துளைகளே உள்ளன. இளமையில் வெண்மை, முதுமையில் பச்சை கலந்த மஞ்சள். காலின் மேற்பகுதியில் மெல்லிய வெள்ளை வலை பின்னியிருக்கும். சந்தையில் மிகுந்த விலைக்குப் போவது. மரவேரின் துணையின்றி வளராதாகையால் தோட்டமிட்டு விளைவிக்க முடியாதது.

அதற்குப் பத்தடி தள்ளி இன்னொன்று. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அம்மையார் துளைப்பகுதியைக் காட்டினார், இளஞ்சிவப்புப் படர்ந்திருந்தது. காலின் வலையும் கறுத்திருந்தது. இது பித்தக் காளான். கொல்லாது, ஆனால் ஒன்று விழுந்தாலும் ஒரு பானைக் கறியும் வாயில் வைக்க முடியாத கசப்பாகிவிடும். அவர் அனுமதித்த பின் ஒரு கடுகளவு நாவில் தொட்டுத் துப்பினேன். நண்பகல் வரை அக்கசப்பு நீங்கவில்லை. வழிகாட்டி தன் கையால் இனங்கண்டு கொடுத்தாலன்றி எக்காளானையும் இவ்வாறு சுவைத்தல் ஆகாது என்பதையும் அவர் வற்புறுத்தினார்.

மரணத் தொப்பி

மாலையில் இறங்கும் வழியில், அடிவாரத்து பீச் மரங்களின் கீழ், அம்மையார் திடீரென்று கை உயர்த்தி அனைவரையும் நிறுத்தினார். அழகிய காளான் ஒன்று நின்றிருந்தது. பட்டுப்போல் மின்னும் இளம்பச்சைத் தலை, வெள்ளை இதழ்கள், காலில் பாவாடைபோல் ஒரு வளையம். அருகில் இன்னும் விரியாத குஞ்சு ஒன்று முட்டை வடிவில் மண்ணிலிருந்து எட்டிப் பார்த்தது.

நண்பர் என் தோளைத் தொட்டு, "ஐயா, எங்கட ஊரிலை வைக்கல் போரிலை முளைக்கிற காளான் மாதிரியெல்லோ கிடக்கு!" என்றார்.

அவர் தமிழிற் சொன்னதை அம்மையார்க்கு மொழிபெயர்த்தபோது அவருடைய முகம் மாறிற்று. "அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். சொன்னவர்களில் சிலர் இன்று இல்லை" என்றார்.

இதுவே ஆங்கிலத்தில் மரணத் தொப்பி என்று பொருள்படும் பெயருடைய காளான். காளான் உண்டு இறப்போரில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது இதுவும் இதன் உறவினங்களுமே. ஆசியாவிலிருந்து மேலை நாடுகளில் குடியேறியோர், தம் நாட்டு வைக்கோற் காளானென்று எண்ணி இதனை உண்டு மாண்ட நிகழ்ச்சிகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பதிவாகியுள்ளன. கான்பெரா நகரில் 2011ஆம் ஆண்டின் கடைசி நாளில் இதனைச் சமைத்து உண்டோரில் இருவர் 2012 ஜனவரியில் இறந்தனர். ஐரோப்பாவிலிருந்து கொணர்ந்து நட்ட ஓக் மரங்களின் வேரோடு இக்காளானும் அந்நாட்டிற்குக் குடியேறிவிட்டது. 2015ல் ஜெர்மனியில் அடைக்கலம் புகுந்த சிரியா நாட்டவர் பலர் இதே தவற்றைச் செய்து மருத்துவமனை சேர்ந்தனர். அதன் பின் ஹனோவர் மருத்துவக் கல்லூரி பல மொழிகளில் எச்சரிக்கைச் சுவரொட்டி வெளியிட்டது. இவர்கள் எவரும் அறிவிலிகள் அல்லர். தம் ஊரில் காளானை நன்கு அறிந்தவர்களே. அறிந்தது வேறு ஊரின் காளான் என்பதுதான் அவர்களை வீழ்த்தியது.

அம்மையார் அதனை அறுக்கவில்லை. கத்தியைப் பக்கவாட்டில் ஆழச் செருகி, மண்ணோடு நெம்பி எடுத்தார். காலின் அடியில் கிழிந்த பை ஒன்று ஒட்டியிருந்தது. தரைமட்டத்தில் அறுத்திருந்தால் இப்பை மண்ணுக்குள்ளேயே தங்கியிருக்கும். மிக முக்கியமான அடையாளமும் அதனோடு போயிருக்கும். வைக்கோற் காளானுக்கும் இத்தகைய பை உண்டு. ஆனால் அதன் இதழ்கள் முற்றும்போது இளஞ்சிவப்பாகும். காலில் வளையம் இராது. மரணத் தொப்பியின் இதழ்களோ இறுதிவரை வெள்ளையே. முட்டைப் பருவத்தில் பறித்தால் இவ்வேறுபாடுகளைக் காண்பதற்கில்லை.

இந்நஞ்சின் தன்மையை அறிந்தால், அதன்மேல் ஏன் இத்துணை அச்சம் என்பது விளங்கும். கொதிக்க வைத்தாலும், உலர்த்தினாலும், குளிர்பெட்டியில் வைத்தாலும் அது அழியாது. சுவையிலும் குறையில்லை, உயிர் பிழைத்தோர் கறி மிக நன்றாக இருந்தது என்றே கூறியிருக்கின்றனர். உண்டபின் ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் வரையிலும், சிலபோது அதற்கு மேலும், ஒன்றும் தெரியாது. பின்னர் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அடுத்த நாள் அவை தணிந்து, நோயாளி எழுந்து உட்காருவார். வீட்டார் ஆறுதல் அடைவர். அந்த ஆறுதல் பொய்யானது. அவ்வேளையில் ஈரல் அழிந்துகொண்டிருக்கும்.

அஃது எவ்வாறு? நம் ஈரலின் ஒவ்வோர் உயிரணுவிலும் மூல ஏடு ஒன்று உள்ளது. அதிலிருந்து அன்றாட வேலைக்கான ஆணைகளைப் படியெடுத்துத் தரும் கிராணியார் போன்ற ஒரு பொருளும் உள்ளது. இந்த நஞ்சு அக்கிராணியாரின் கையைக் கட்டிப்போடுகிறது. ஆணை வராமையால் வேலை நிற்கிறது, உயிரணு மடிகிறது. முற்றிய நிலையில் வேறொருவர் ஈரலைப் பொருத்துவதைத் தவிர வழியில்லாமற் போகலாம். நன்கு வளர்ந்த ஒரே ஒரு காளானில் ஒரு மனிதனைக் கொல்லும் அளவு நஞ்சு இருக்கக்கூடும்.

வெள்ளிக் காசும் பூண்டும்

நச்சுக் காளானோடு வேகவைத்த வெள்ளிக் காசு கறுக்கும், பூண்டு நிறம் மாறும், பூச்சியோ நத்தையோ தின்ற காளானில் நஞ்சு இராது என்றெல்லாம் நம் பாட்டிமார் சொல்வதுண்டு. ஐரோப்பியப் பாட்டிமாரும் இவற்றையே சொல்லியிருக்கின்றனர் என்பதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றும் உண்மையன்று. மரணத் தொப்பி வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை. நத்தைகள் அதனைத் தீங்கின்றித் தின்கின்றன.

"போன ஆண்டும் இதைத்தான் உண்டோம், ஒன்றும் ஆகவில்லை" என்பது இவற்றினும் வலுவான சான்றாகத் தோன்றும். அதுவும் நம்பத்தக்கதன்று. யூலியுஸ் ஷேஃபர் என்னும் ஜெர்மானியர் காளான் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். அக்காலத்தில் உண்ணத்தக்கதென்று பலரும் கருதிய, ஓரம் உட்சுருண்ட பழுப்புக் காளான் ஒன்றை உண்டு 1944ல் அவர் இறந்தார். அக்காளான் பலமுறை உண்டவரின் உடலில், இரத்தச் சிவப்பணுக்களைத் தாமே அழிக்கும் எதிர்ப்பைத் தூண்டிவிடக்கூடியது என்பது பின்னரே தெரியவந்தது. போலந்து நாட்டில் 1952ல் 100 பேருக்கு மேல் நோயுற்று 11 பேர் இறந்தனர். அவர்கள் உண்ட காளான் சிறுநீரகத்தைத் தாக்கியது. உண்டு பல நாட்கள் கழிந்த பின்னரே நோய் வெளிப்பட்டமையால், காரணம் காளான் என்று கண்டறியவே நெடுநாள் ஆயிற்று.

பின் எவ்வாறுதான் நல்லதைத் தெரிந்தெடுப்பது? எல்லாக் காளானுக்கும் பொதுவான சோதனை எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் ஓர் ஆளைப்போல் தனித்தனியே அறிந்துகொள்ள வேண்டும் என்றார் அம்மையார். நாற்பது ஆண்டுகள் காட்டில் திரிந்த தாம், வீட்டிற் சமைப்பது பன்னிரண்டு வகைகளை மட்டுமே என்றும் கூறினார்.

அன்று மாலை அருகிலுள்ள ஊரின் காளான் பரிசோதனை நிலையத்துக்குச் சென்றோம். சுவிட்சர்லாந்தில் இத்தகைய நிலையங்கள் பல ஊர்களில் உள்ளன. தேர்ச்சி பெற்ற பரிசோதகர் மேசையில் அமர்ந்திருப்பார். பறித்தவர்கள் தம் கூடையைக் கவிழ்த்துக் காட்டலாம். பரிசோதகர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் நடத்தும் சங்கம் 1925 முதல் இயங்கி வருகிறது. எங்களுக்கு முன் ஒரு முதியவர் நின்றார். அவர் கூடையில் மஞ்சள் நிற முட்டைக் காளான்களும் கல் காளான்களும் நிரம்பியிருந்தன. பரிசோதகர் கிளறிக்கொண்டே வந்தவர், நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து விளக்கருகே பிடித்தார். பச்சைத் தலையின் உடைந்த துணுக்கு. வேறொன்றும் பேசாமல் கூடை முழுவதையும் தொட்டியிற் கொட்டினார். எந்தத் துணுக்கு எதனோடு கலந்தது என்று பிரிக்க முடியாதாகையால் எல்லாமே போக வேண்டியதாயிற்று. முதியவர் சினக்கவில்லை. நன்றி கூறித் தம் வெறுங்கூடையுடன் சென்றார். அன்று நான் கண்டவற்றுள் என் மனத்தில் ஆழப் பதிந்தது அக்காட்சியே.

நம் தோட்டத்தில்

அதற்குக் காரணம் உண்டு. தோட்டப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியராக இருந்த காலத்தில், ஒருநாள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர் பள்ளிக்கு வரவில்லை. விசாரித்தபோது, முந்தின நாள் திடலோரத்துப் புல்லில் முளைத்திருந்த வெள்ளைக் காளானை உண்டு, இரவெல்லாம் வாந்தியெடுத்து, விடியுமுன் லாரியில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர் என்று லயத்தில் சொன்னார்கள். மருத்துவர் எந்தக் காளான் என்று கேட்டாராம். தாயார் பானையைக் கழுவிவிட்டிருந்தார். மிச்சத்தைத் தகப்பனார் கால்வாயில் எறிந்துவிட்டார். மூவரும் பிழைத்தனர். என்ன உண்டனர் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாமலே போயிற்று.

பச்சை வித்துக் காளானாக இருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். நம் நாட்டின் திடல்களிலும் வீட்டு முற்றங்களிலும் மழைக்குப் பின் கூட்டமாக முளைக்கும் பெரிய வெண்குடை அது. நடுவில் பழுப்புச் செதில்களும் காலில் வளையமும் காணப்படும். உண்ட சில மணி நேரத்துக்குள் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். நாம் விரும்பி உண்ணும் புற்றுக் காளானென்று எண்ணி இதனைப் பறிப்போர் உளர். புற்றுக் காளானின் கால், மண்ணுக்குள் வேர்போல் நீண்டு கறையான் புற்றுவரை செல்லும். பச்சை வித்துக் காளானுக்கு அவ்வேர் இல்லை. இங்கும் அறுக்காமல் தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். பட்ட பால்மரக் கட்டைகளில் சிறு விசிறிகள்போல் ஒட்டி வளர்வதும், மலாய் அன்பர்கள் தேங்காய்ப் பாலில் சமைப்பதுமான குக்குர் காளான் இவ்விரண்டிலிருந்தும் முற்றிலும் வேறுபட்டது. அதன் அடியிதழ்கள் நீளவாட்டில் பிளந்திருக்கும்.

காளான் உண்ட எவருக்கேனும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால், தானே தணியும் என்று காத்திராது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. தணிந்துவிட்டாலும் அழைத்துச் செல்க. அதே உணவை உண்ட மற்றவர்களும், நலமாகத் தோன்றினாலும், உடன் செல்லுதல் வேண்டும். சமைக்காத காளான் எஞ்சியிருந்தால் காகிதத்தில் சுற்றியும், இல்லையேல் பானையில் உள்ள கறியையும், குப்பையிற் போட்ட துண்டுகளையுமாவது எடுத்துச் செல்க. எப்போது உண்டனர், எப்போது வாந்தி தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்க. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இயங்கும் தேசிய நஞ்சு மையம், மருத்துவர்களுக்கு இத்தகைய வேளைகளில் ஆலோசனை வழங்குகிறது.

அம்மையார் கற்பித்த ஒன்றை நாடு திரும்பியபின் நான் செய்து பார்த்தேன். எங்கள் குடியிருப்புக்கு எதிரேயுள்ள புல்வெளியில் மழைக்குப் பின் முளைத்த வெண்குடை ஒன்றைத் தோண்டி எடுத்து, காலை நீக்கி, தலையை மட்டும் வெள்ளைத் தாளின்மேல் இதழ்கள் கீழே இருக்குமாறு கவிழ்த்து, ஒரு கிண்ணத்தால் மூடிவைத்தேன். வெள்ளைத் தூள் படிந்தால் அது நல்ல காளான் என்று பொருளன்று. மரணத் தொப்பியின் தூளும் வெள்ளையே. எனினும் அடையாளங்களுள் இதுவும் ஒன்று. மறுநாட் காலையில் கிண்ணத்தை எடுத்துத் தலையை மெல்ல உயர்த்தினேன். தாளில் சக்கரத்தின் ஆரக்கால்கள் போன்ற கோடுகள் அச்சடித்தாற்போல் படிந்திருந்தன. அவற்றின் நிறம் மங்கிய பச்சை.